இருப்புப் பாதையும் புனைகதையும்

நீடாமங்கலம் வழியாகச் செல்லும் நாகப்பட்டினம் - தஞ்சை இருப்புப் பாதை 1861இல் திறக்கப்பெற்றது. அகலப் பாதையாக அமைந்த அது 1875இல் மீட்டர் பாதையாகச் சுருக்கப்பட்டது. (இன்று மீண்டும் அகலப் பாதை!) பதினான்கே ஆண்டுகளில் செய்த வேலையைப் பெயர்த்துச் செய்ய நேர்ந்ததில் ஒரு நாவலுக்குரிய கரு இருக்கிறதன்றோ?

பொறியாளரின் இடர்ப்பாடும் சிறிதன்று. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மண் இது. இங்கே பாதைக்குக் கரை எழுப்பினால், பாயும் நீரும் வடியும் நீரும் தடைப்படாதிருக்க வாய்க்கால்தோறும் பாலமோ மதகோ கட்டியாக வேண்டும்.

இத்தகைய பணியைக் கதையாக்குவோர் யாரை நடுவில் நிறுத்துகின்றனர் என்பதே நாம் கேட்க வேண்டியது. 1893இல் வெளிவந்த கிப்ளிங்கின் 'பாலம் கட்டுவோர்' சிறுகதையில் கங்கைப் பாலம் ஃபின்ட்லேசன் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பெருமை. கப்பலில் கயிறும் கப்பியும் கையாண்டு பழகிய பேரூ என்னும் இந்தியர் அங்கே இன்றியமையாதவர், எனினும் துணைவரே.

கென்ய எழுத்தாளர் பீட்டர் கிமானி 2017இல் வெளியிட்ட 'ஜகராண்டா நடனம்' என்னும் வரலாற்று நாவல் இம்முறையை மாற்றுகிறது. மொம்பாசாவில் 1896இல் தொடங்கிய உகாண்டா இருப்புப் பாதைப் பணிக்கு நம் நாட்டவர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். சுமார் 2,500 பேர் மாண்டனர். அந்நாவலில் பாபு சலீம் என்னும் இந்தியத் தொழில்நுட்பர், பாதையமைக்கும் வெள்ளை அதிகாரிக்கு எதிர்நின்று கதையையே நடத்துகிறார்.

நீடாமங்கலத்துப் பாதையை எழுதப் புகுவோர், கம்பெனிப் பொறியாளரின் வரைபடத்தை விட்டு, கரைக்கு மண் சுமந்தவரின் கூடையிலிருந்து தொடங்கலாம்.