எதில் ஒப்புமை? ஆங்கில ஒப்புமைச் சொற்கள் பற்றி ஒரு விளக்கம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பத்தாந்தர மாணவி ஒருத்தி தன் ஆங்கிலக் கொப்பியை என்னிடம் நீட்டினாள். 'மை மதர் வர்க்ஸ் லைக் எ நேர்ஸ்' என்ற வசனத்தின் கீழ் சிவப்புக் கோடு. "உம்மா நேர்ஸ்தானே டீச்சர், இதுல என்ன பிழை?" என்று கேட்டாள்.

பிழை சின்னது. ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. 'தாதியாக' வேலை செய்கிறார் என்பது வேறு, 'தாதியைப் போல' வேலை செய்கிறார் என்பது வேறு. முன்னதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்', பின்னதற்கு 'லைக்'. 'லைக்' என்று போட்டதும் அவளுடைய உம்மா தாதியே இல்லை என்றாகிவிட்டது. ஒன்றைப் போல இன்னொன்று என்றால் அவை இரண்டு பொருள்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கருத்துகளை இணைக்கும் ஒப்புமைத் தொடர்களும் ஆங்கிலத்தில் பல உண்டு. நம் பிள்ளைகள் அவை எல்லாவற்றுக்கும் 'அதேபோல' என்று ஒரே பொருளை மனனம் செய்கிறார்கள். ஆனால் அவற்றின் வேலை ஒன்றல்ல. 'சிமிலர்லி' இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்: வெள்ளவத்தைக் கடைகளில் தமிழ் கேட்கும்; சிமிலர்லி, கொட்டாஞ்சேனையிலும் கேட்கும். 'இன் த சேம் வே' செய்யும் விதம் ஒன்று என்று காட்டும். 'லைக்வைஸ்' என்பதில் வரும் 'வைஸ்' விதம் என்ற பொருளுடைய பழைய சொல். பேச்சில் அது "எனக்கும் அப்பிடித்தான்" என்ற மறுமொழியாகவும் வரும். 'பை த சேம் டோக்கன்' காரணம் ஒன்று என்று வாதாடும்: சின்னப் பிள்ளை என்று ஒருவனை மன்னித்தால், அதே காரணத்துக்காக அவன் வயதுக்காரனையும் மன்னிக்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியர் உவமையியலில் வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு வகைகளைச் சொல்கிறார். செயலில் ஒப்பா, பயனில் ஒப்பா, வடிவில் ஒப்பா, நிறத்தில் ஒப்பா என்று கேட்காமல் உவமையை விளங்கிக்கொள்ள முடியாது.

நம் ஃபிக்ஹிலும் இதே கேள்வி இருக்கிறது. ஹிஜ்ரி 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ தமது 'அர்-ரிஸாலா'வில் கியாஸ் பற்றி விரிவாகப் பேசுகிறார். கியாஸுக்கு மூலம், கிளை, சட்டம் என்ற மூன்று மட்டும் போதாது. இரண்டையும் இணைக்கும் காரணமும் வேண்டும். அதுதான் 'இல்லத்'. திராட்சை மதுவின் சட்டம் வேறொரு பானத்துக்கும் பொருந்துவது போதை என்ற காரணத்தால். நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகச் சர்பத் ஹராமாகிவிடாது.

இதை வெறும் இலக்கணமாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு காலத்தையும் நாம் கண்டோம். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்பட பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு "இவங்களும் அவங்க மாதிரித்தான்" என்ற பேச்சை நம்மில் பலர் பஸ்ஸிலும் கடையிலும் கேட்டோம். தாடியும் அபாயாவும் 'உரு'வில் ஒப்புமை. வினையிலோ பயனிலோ ஒப்புமை உண்டா என்று கேட்க ஆளில்லை. நியாயமாகச் சொன்னால், "அந்தச் சனமே அப்பிடித்தான்" என்று நாமும் மற்றவர்களைப் பற்றிப் பேசாமலில்லை. அங்கேயும் 'இல்லத்' கிடையாது.

அதனால் இப்போது என் மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுக்கிறேன். தமிழோ ஆங்கிலமோ, ஒப்புமைச் சொல் ஒன்றை எழுதினால் ஓரத்தில் பென்சிலால் 'எதில்?' என்று எழுதிப் பாருங்கள். பதில் வராவிட்டால் அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள். சிவப்புக் கோட்டோடு வந்த பிள்ளை சென்ற வாரம் எழுதிய கட்டுரையில் மூன்று 'சிமிலர்லி' இருந்தன. இரண்டை அவளே வெட்டியிருந்தாள்.