மென்மையாக அடித்தால் ஜெயிக்க முடியாதா?

பந்தை ஓங்கி அடிப்பவர்தான் டென்னிஸில் ஜெயிப்பாரா? இல்லை என்று மெல்போர்னில் போய்க் காட்டிவிட்டு வந்தார் ஒரு சென்னைக்காரர்!

1989 ஜனவரி. ஆஸ்திரேலிய ஓபன் நடந்துகொண்டிருக்கிறது. அப்போது உலகின் முதல்நிலை வீரர், ஸ்வீடனின் மாட்ஸ் விலாண்டர். முந்தைய ஆண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் மூன்றை அள்ளியவர். மெல்போர்னின் நடப்புச் சாம்பியனும் அவரே. இரண்டாவது சுற்றில் அவருக்கு எதிரே வந்து நின்றார் நம்ம ரமேஷ் கிருஷ்ணன்.

ரமேஷின் சர்வீஸில் வேகம் இருக்காது. அவர் மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்தால், பந்தைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி இருக்கும். ஆனால் எதிராளி அடித்த வேகத்தையே கடன் வாங்கி, அவர் நினைக்காத மூலைக்குப் பந்தைத் திருப்பிவிடுவார். ஓடி ஓடி எடுத்தே எதிராளியைக் களைக்கவைக்கிற விலாண்டர், அன்றைக்குத் தானே களைத்துப் போனார். ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தார் ரமேஷ்.

அந்த மாதமே விலாண்டரின் முதலிடம் கைநழுவியது. ஒற்றையரில் இன்னொரு கிராண்ட் ஸ்லாம் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

மெல்லத் தட்டினாலும் கதவு திறக்கும், இல்லையா?