மொடக்குறிச்சியில் அன்று 1,033 பேர்... விவசாயி ஓட்டின் பலம் எங்கே இருக்கிறது?

தேர்தல் ஆண்டு வந்துவிட்டால் திருச்செங்கோடு, பரமத்தி வேலூர், குமாரபாளையம் பக்கம் ஒரு பழைய கதையைத் தூசு தட்டி எடுப்பார்கள். காவிரிக்கு அக்கரையில் இருக்கும் மொடக்குறிச்சியில், ஒரே ஒரு சட்டமன்ற இடத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் போட்டியிட்ட கதை. இளவட்டங்கள் சிரிக்கும், நம்பாது. ஆனால், அது கதையல்ல, நடந்தது.

ஆண்டு 1996. மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதி அப்போது திருச்செங்கோடு நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருந்தது. நாமக்கல் இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. 1997 ஜனவரி 1-ம் தேதிதான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. தங்கள் கோரிக்கைகளை ஆள்வோரும் கேட்பதில்லை, எதிரில் இருப்போரும் கேட்பதில்லை என்று கொதித்துப்போன விவசாயிகள் சாலை மறியல் செய்யவில்லை, பாலைக் கொட்டவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு தாக்கல் செய்துவிட்டார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர்.

தேர்தல் அலுவலர்கள் திணறிப்போனார்கள். ஒவ்வொரு சுயேச்சைக்கும் தனித்தனிச் சின்னம் வேண்டும். அப்போது இயந்திரம் கிடையாது, காகித வாக்குச்சீட்டுதான். ஆயிரம் பெயரை ஒரு தாளில் அச்சடிக்க முடியுமா? வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்துக் கொடுத்தார்கள். தேர்தலும் ஒரு மாதம் தள்ளிப்போனது. சாவடிக்கு வந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் தேடுவது மாதிரி பக்கம் பக்கமாகப் புரட்டித் தங்கள் சின்னத்தைத் தேடி முத்திரை குத்த வேண்டியிருந்தது.

முடிவு என்ன? தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. 158 பேருக்குத் தலா ஒரே ஓட்டு. தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளரா என்று கேட்கத் தோன்றும். சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தின் எந்தத் தொகுதி வாக்காளரும் எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். எனவே வெளித்தொகுதிக்காரர்களுக்கு அங்கே ஓட்டே இருந்திருக்காது. மற்றபடி, இவர்களில் பெரும்பாலோர் ஜெயிக்க நிற்கவில்லை. திரும்பிப் பார்க்க வைப்பதற்காக நின்றவர்கள். அதில் அவர்கள் தோற்கவில்லை. நாடே மொடக்குறிச்சியைத் திரும்பிப் பார்த்தது.

பதிலாக வந்தது சட்டம்

அதே 1996-ல் ஆந்திராவின் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துக் குடித்து எலும்பு வளைந்துபோன ஊர்களின் கோபம் அது. கர்நாடகாவின் பெல்காமில் 456 பேர்; அது மாநில எல்லைப் பிரச்னை. மூன்றும் ஒரே ஆண்டில் நடந்ததும் மத்திய அரசு விழித்துக்கொண்டது. குடிநீரும் வரவில்லை, கோரிக்கையும் தீரவில்லை. முதலில் வந்தது சட்டத் திருத்தம்.

அதற்கு முன்பு சட்டமன்றத்துக்கு நிற்கக் காப்புத்தொகை 250 ரூபாய். அதை 5,000 ஆக்கினார்கள். பிறகு 2010-ல் 10,000 ரூபாய். நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாயில் இருந்து 10,000, பிறகு 25,000. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு இதில் பாதி. முன்மொழிய ஒரே ஒருவர் போதும் என்று இருந்ததை, சுயேச்சைகளுக்குப் பத்துப் பேர் என்று மாற்றினார்கள். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,033 பேரும் முழுத் தொகை கட்டியிருந்தாலும் அன்று செலவு சுமார் 2 லட்சத்து 58 ஆயிரம் ரூபாய். இன்று அதே ஆயிரம் பேர் நிற்க ஒரு கோடியே 3 லட்சத்து 30 ஆயிரம் வேண்டும். மஞ்சளையும் குச்சிக்கிழங்கையும் விற்று இந்தப் பணத்தைக் கட்டி இழக்க எந்த ஊர் தயாராக இருக்கும்?

ஆனாலும் ஓர் ஊர் தயாராக இருந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் 185 பேர் நின்றார்கள். அதில் 170-க்கும் மேற்பட்டவர்கள் மஞ்சளும் சோளமும் பயிரிடுகிற விவசாயிகள். கட்டுப்படியாகும் விலை வேண்டும், மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும் என்பதே கோரிக்கை. ஒவ்வொரு சாவடியிலும் வாக்குப்பதிவுப் பலகைகள் 12 வரிசையாக வைக்கப்பட்டன. அன்றைய முதல்வர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா, வாரியம் கொண்டுவருவதாக வாக்களித்த பா.ஜ.க.வின் தர்மபுரி அரவிந்திடம் தோற்றார். வாரியம் உடனே வந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் அறிவிப்பு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடக்கம். ஈரோட்டு மஞ்சள், சேலத்து மஞ்சள் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கிய மண் நம்முடையது. வாரியத்தின் தலைமையிடம் எங்கே போனது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொடக்குறிச்சிக்கும் நிஜாமாபாத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கோரிக்கை ஒன்றே ஒன்று, அதுவும் நாலு வார்த்தையில் சொல்லிவிடக்கூடியது. யார் செய்ய முடியும் என்பதும் தெளிவாக இருந்தது.

281 ஓட்டு, 656 ஓட்டு

அதே மொடக்குறிச்சியில் 2021 சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் மீண்டும் வேட்பாளர். இந்த முறை பா.ஜ.க.வின் சரஸ்வதி அவரை வென்றார். வித்தியாசம் 281 ஓட்டு. நம் சேலம் மாவட்டத்து மேட்டூரில் பா.ம.க. வேட்பாளர் தி.மு.க. வேட்பாளரை வென்றது 656 ஓட்டில். ஒரு பெரிய கிராமத்தின் இரண்டு தெரு ஓட்டு இது.

இந்த இடத்தில்தான் நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை போய் போர் போடுகின்றன. வண்டியோடு போகிற ஆட்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்கள் எந்த மாநிலத்தில் எந்த நாள் இருப்பார்கள் என்று வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்குப் போனவர்கள், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் வேறு. இவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது. 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவிகிதத்துக்குக் குறையாத மாற்றுத்திறனாளிகளும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அந்தப் படிவம் போய்ச் சேர வேண்டும். ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அந்த வசதி இல்லை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். ஒடிசாவில் போர் போட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒருநாள் விடுமுறை எதற்கு ஆகும்?

இதைவிடப் பெரிய ஆபத்து, பட்டியலில் பெயரே காணாமல் போவது. 2025 நவம்பர் 4-ம் தேதி முதல் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் வந்தது. பூட்டிய வீடுகளின் கதி என்ன என்பதை அந்தந்தக் குடும்பம்தான் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கையில் வண்ண அட்டை இருக்கிறது, போதும் என்று பலர் இருக்கிறார்கள். போதாது. அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், 100 நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கிப் புத்தகம் என்று எதையாவது காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம்.

பெயரைப் புதிதாகச் சேர்க்க 6-ம் எண் படிவம். வீடு மாறியிருந்தாலோ பிழை திருத்தவோ 8-ம் எண் படிவம். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்களுக்கும் 8-தான். பலர் தெரியாமல் மறுபடி 6-ஐக் கொடுத்து இரண்டு இடத்தில் பெயரை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். 17 வயது முடிந்த பிள்ளைகள் இப்போதே விண்ணப்பித்து வைக்கலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவாவது படிவம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போடலாம்.

இன்னொரு குழப்பம், மாவட்டம் வேறு, தொகுதி வேறு என்பது. சங்ககிரி சேலம் மாவட்டம், ஆனால், எம்.பி. ஓட்டு நாமக்கல்லுக்கு. குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம், ஓட்டு ஈரோட்டுக்கு. மேட்டூர்க்காரர்களுக்கு தர்மபுரி. ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு மூன்றுக்கும் கள்ளக்குறிச்சி. மனு கொடுக்க வேண்டிய எம்.பி. யார் என்று தெரியாமல் பக்கத்துத் தொகுதிக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

சந்தைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தேதி அறிவித்த நாளிலிருந்து பறக்கும் படையும் நிலையான கண்காணிப்புக் குழுவும் ரோட்டில் நிற்கும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்து ஆவணம் இல்லையென்றால் கைப்பற்றுவார்கள். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி மாடு விற்றாலே தொகை அதைத் தாண்டும். கொங்கணாபுரம் சனிச்சந்தையில் பத்து ஆடு கைமாறினாலும் அப்படித்தான். பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்துக்குப் போகிறவர், முட்டைக்குப் பணம் வசூலித்து வருகிறவர் என்று தேர்தல்தோறும் மாட்டிக்கொள்வது கட்சிக்காரர்களைவிட இவர்கள்தான் என்று சந்தைகளில் புலம்பல் கேட்கும். அதில் நியாயம் இருக்கிறது.

மாடு விற்றால் சந்தையில் தருகிற சுங்கச் சீட்டையும் விற்றவர், வாங்கியவர் பெயர், தொகை எழுதிய துண்டுச் சீட்டையும் கையோடு வையுங்கள். வங்கியில் எடுத்த பணம் என்றால் அந்த ரசீது. பணத்தைப் பிடித்துவிட்டால் சண்டை போட வேண்டாம். எங்கே முறையிடுவது என்ற விவரத்தோடு ரசீது தர வேண்டியது அவர்கள் கடமை. கலெக்டர் அலுவலகத்தில் இதற்கென்றே மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கும். தேர்தலுக்குச் சம்பந்தமில்லாத பணம் என்று தெரிந்தால் விடுவித்துவிடுவார்கள்.

ஓட்டுக்குப் பணம் வாங்குவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை உண்டு. பரமத்தி வேலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரவக்குறிச்சியில் 2016-ல் பணம் விளையாடியதால் தேர்தலையே ரத்து செய்தார்கள். அந்தத் தொகுதி ஆறு மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்து, நவம்பரில்தான் ஓட்டுப் போட்டது.

ஓட்டுப் போட்ட பிறகு

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருவது சட்டமன்றத் தேர்தல். கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏரி வண்டல், களத்துமேடு, தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை, தெருவிளக்கு என்று எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோகும் மனுக்களில் பாதி, கிராமசபையில் தீர்மானமாக எழுதப்பட வேண்டியவை. ஆனால், கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தபட்சம் 200 பேர் வேண்டும். பல ஊரில் வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படிக் கையெழுத்துப் போடுகிறவர் எந்தத் தீர்மானத்துக்கு ஒப்புதல் கொடுக்கிறோம் என்று மேலே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை என்பதற்காகக் கிராமசபை இல்லாமல் போய்விடாது; வரவு செலவைக் கேட்கிற உரிமையும் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால், கேட்க வேண்டிய காலமே இதுதான்.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்க 2019-ல் காப்புத்தொகை 600 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 300. வார்டு உறுப்பினருக்கு 200, 100. வயது 21 ஆகியிருக்க வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாகக் கணக்கெடுப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வார்டாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பெயர் விட்டுப்போனவர் ஊராட்சிக்கு ஓட்டுப் போடவும் முடியாது, நிற்கவும் முடியாது.