காற்றாலையை மறைக்கும் தூரிகை

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அங்கே வீசும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்கின்றன. இடுக்கியில், கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கும் ராமக்கல்மேட்டிலும் நிற்கின்றன. 1940-இல் நடக்கும் கதையை இங்கே படம்பிடித்தால் அவை திரையில் தெரியக் கூடாது. விநாடிக்கு 24 சட்டகம் வீதம் 10 விநாடிக் காட்சியில் 240 சட்டகங்கள். அத்தனையிலும், காற்றாலை மறைத்த வானத்தையும் மலையையும் வரைந்தாக வேண்டும்.

கணினியில் படம் வரைய ரிச்சர்ட் ஷூப் 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் ஒரு முன்னோடி. இன்றைய நியூக், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் கோடு இழுத்தால், கை போன பாதை, அகலம், அடர்த்தி எல்லாம் எண்களாகப் பதிவாகும். முதல் சட்டகத்தில் கோட்டை ஓரிடத்திலும் இருபதாவதில் வேறிடத்திலும் வைத்தால், நடுவிலுள்ள நிலைகளைக் கணினியே கணக்கிட்டுக்கொள்ளும். கேமரா நகர்ந்தால், காட்சியிலுள்ள ஒரு பாறையின் நகர்வை அளந்து அதையே கோட்டுக்கும் கொடுக்கலாம்.

சுழலும் இறக்கைதான் கடினம் என்று தோன்றும். உண்மையில் கேமரா அசையாத காட்சியில் அதுவே எளிது. இப்போது இறக்கை மறைக்கும் வானம் சிறிது நேரத்தில் வெளிப்பட்டுவிடும். நகலெடுத்துப் பூசும் குளோன் தூரிகை, வானம் வெளிப்பட்ட சட்டகத்திலிருந்து அதை எடுத்து இங்கே பூசும். கோபுரமோ அசைவதில்லை. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கேமரா பார்த்ததே இல்லை. பக்கத்துச் சரிவைப் பார்த்து ஊகித்து வரையவேண்டும். அந்த ஊகத்துக்கு ஓர் ஓவியரின் கண் வேண்டும். இவ்வேலையை எடுபிடி வேலைபோல நடத்துவது அநியாயம்.

இடுக்கியில் மூடுபனி வேறு. அரை விநாடிக்கு முந்தைய வானத் துண்டை ஒட்டினாலும் ஓரம் காட்டிக்கொடுக்கும். பனி நகர நகர ஒட்டின் நிறத்தையும் அடர்த்தியையும் மாற்றிக்கொண்டே வரவேண்டும். சட்டகம் சட்டகமாகக் கையால் பூசினாலும் ஆபத்துதான். தனித்தனியாகப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். ஓடவிட்டால் மலை துடிக்கும்.

நிழலையும் கவனிக்கவேண்டும். வெயில் சாயும் நேரத்தில் இறக்கையின் நிழல் புல்வெளியில் ஓடி, நடிகரின் முகத்தையும் கடந்துபோகும். அந்தச் சில சட்டகங்களில் மட்டும் தூரிகை புதிதாக எதையும் வரைவதில்லை. நிழல் விழுந்த இடத்தின் வெளிச்சத்தை, முகத்தின் தோல் வெளிறிவிடாத அளவுக்கு உயர்த்துகிறது.