அருளானந்தமும் இவானும் ஒரே பெயர்தான்

பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் ஒரு சின்னச் சண்டையாவது நடக்கும். 2,000 வருஷத்துக்கு முன்னால் யூதேயா மலைநாட்டில் நடந்த அப்படி ஒரு சண்டையை லூக்கா தன் நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். சக்கரியா என்ற வயதான குரு, அவர் மனைவி எலிசபெத்து. வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்து, இனி இல்லை என்று ஊரே முடிவுகட்டிய வயதில் பிறந்த ஆண்பிள்ளை. எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரர்களும் வந்தாயிற்று. தகப்பன் பெயரையே வைத்துவிடலாம் என்கிறார்கள். தாய் மட்டும் கூடாது என்கிறாள். யோவான் என்றுதான் கூப்பிட வேண்டும். உங்கள் சொந்தத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே என்று அவர்கள் விடவில்லை. தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். அவருக்கோ பல மாதமாகப் பேச்சு நின்றுபோயிருக்கிறது. எழுதுபலகை கேட்டு வாங்கி, மனைவி சொன்ன அதே பெயரை எழுதுகிறார். உடனே அவர் வாய் திறந்தது என்கிறார் லூக்கா.

வீடு நிறைய உறவுக்காரர்களை வைத்துக்கொண்டு, பேச முடியாத கணவனைத் துணைக்கு அழைக்காமல், தான் சொன்னதில் நின்ற அந்த வயதான தாய்மேல் எனக்குத் தனி மரியாதை. அவள் கேட்ட பெயரின் பொருள் தெரிந்தால் அந்தப் பிடிவாதமும் புரியும்.

எபிரேயத்தில் அது யோகனான். விரித்துச் சொன்னால் யெகோகனான். முன்பாதி கடவுளின் திருப்பெயரின் சுருக்கம். பின்பாதி வினைச்சொல்: இரங்கினார், அருள்கூர்ந்தார். இரண்டும் சேர்ந்தால் எழுவாயும் பயனிலையுமாக ஒரு முழு வாக்கியம்: ஆண்டவர் இரங்கினார். நம் பெயர்களில் பெரும்பாலும் இறைவனின் பெயரோ குணமோ இருக்கும். எபிரேயப் பெயர்கள் பலவற்றில் இறைவன் செய்த காரியமே இருக்கிறது. காலத்தையும் கவனியுங்கள். இரங்குவார் என்ற வேண்டுதலாக இல்லாமல், இரங்கிவிட்டார் என்று நடந்ததைச் சொல்கிறது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எலிசபெத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். சாமுவேலின் தாய் அன்னாளின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அவளும் பிள்ளைக்காக அழுதவள்.

யாருக்கும் அந்தப் பெயர் இல்லை என்று உறவுக்காரர்கள் சொன்னது அந்த வீட்டுக்குத்தான் பொருந்தும். நாட்டில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் காலத்துக் கல்லறைப் பேழைகளிலும் ஏடுகளிலும் கிடைக்கிற யூத ஆண் பெயர்களை எண்ணிப்பார்த்த அறிஞர்கள், சீமோன், யோசேப்பு, எலெயாசர், யூதா ஆகியவற்றோடு யோகனானையும் முதல் ஐந்துக்குள் வைக்கிறார்கள். காரணம் அரசியல். கி.மு. 167-ல் கிரேக்க அரசனை எதிர்த்துக் கலகம் தொடங்கிய மத்தத்தியாவுக்கு ஐந்து பிள்ளைகள்: யோகனான், சீமோன், யூதா, எலெயாசர், யோனத்தான். நாட்டை மீட்ட வீட்டின் பெயர்களைச் சனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். தலைவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த நமக்கு இது விளங்காததல்ல.

அந்த ஆயிரக்கணக்கான யோகனான்களில் ஒருவரை நாம் கிட்டத்தில் பார்க்க முடிகிறது. 1968-ல் ஜெருசலேமின் வடகிழக்கில் கிவ்அத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்டத் தோண்டியபோது பழைய குகைக் கல்லறைகள் அகப்பட்டன. உள்ளே சுண்ணாம்புக்கல் பேழைகள். ஒன்றின் பக்கத்தில் கீறியிருந்த பெயர் யெகோகனான். உள்ளே இருபதுகளில் செத்துப்போன ஒரு ஆணின் எலும்புகள் இருந்தன. அவருடைய குதிகால் எலும்பில், பக்கவாட்டில் அடித்து இறக்கிய இரும்பு ஆணி அப்படியே இருந்தது. நீளம் சுமார் 11.5 சென்டிமீட்டர். ஆணியின் முனை வளைந்திருந்தது. மரத்தில் கணு இருந்து அதில் மோதி மடங்கியிருக்க வேண்டும். சிலுவையிலிருந்து இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை; ஆணியோடும் ஒட்டிக்கொண்ட மரத்துணுக்கோடும் புதைத்துவிட்டார்கள். ரோமர்கள் எத்தனையோ ஆயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அதற்கு எலும்பில் கிடைத்த முதல் சாட்சி அந்த இளைஞன்தான். அவனுக்கும் ஒரு தாய் 'ஆண்டவர் இரங்கினார்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறாள். ஆணி பாய்ந்த அந்த எலும்பின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பெயரை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

பிறகு பெயர் கப்பலேறியது. கிரேக்கர் நாவில் நடுவிலிருந்த ககர ஒலி கரைந்து இயோவான்னெஸ் ஆனது. லத்தீனில் யோகான்னெஸ். அங்கிருந்து ஊருக்கு ஒரு வேஷம்: ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, ஜெர்மனியில் யோஹான், செல்லமாக ஹான்ஸ், ரஷ்யாவில் இவான், அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயான், வேல்ஸில் எவான், ஹங்கேரியில் யானோஷ், ஆர்மீனியாவில் ஹோவ்ஹன்னெஸ். ஜான்சனும் ஜோன்ஸும் ஜாக்சனும்கூட இதன் வம்சம்தான். பெயரைக் கொண்டுபோனவர்கள் இரண்டு பேர்: எலிசபெத்தின் மகன் திருமுழுக்கு யோவான், செபதேயுவின் மகன் திருத்தூதர் யோவான். போப்பாண்டவர்களில் மட்டும் 23-ம் எண் வரை யோவான்கள் உண்டு.

அரபு வழி வேறு. கிறிஸ்தவ அரபியர் யூஹன்னா என்பார்கள். இஸ்லாமியருக்கு அவர் யஹ்யா நபி. அந்த ஒலியில் அரபுக் காதுக்கு 'வாழ்கிறான்' என்ற பொருள் கேட்கும். குர்ஆனின் 19-ம் அத்தியாயமான மர்யமில், இதற்குமுன் இந்தப் பெயரை யாருக்கும் கொடுத்ததில்லை என்று சக்கரியாவிடம் சொல்லப்படுகிறது. சில வசனங்கள் தள்ளி, யஹ்யாவுக்கு இறைவன் அளித்தவற்றைச் சொல்லும்போது வருகிற சொற்களில் ஒன்று 'ஹனான்', அதாவது பரிவு. பெயர் மாறியும் பழைய வேர்ச்சொல் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இடைக்காலத்தின் பின்பகுதியில் ஆண்களில் நாலில் ஒருவராவது ஜான் என்ற நிலைமை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையின் பெயர்ப் பட்டியல் 1880-ல் தொடங்குகிறது. அந்த வருஷம் பட்டியலில் உள்ள ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான். 1923 வரை அதுதான் முதலிடம். 1924-ல் ராபர்ட் முந்தியது. 1987-ல் முதல் பத்துக்குள்ளிருந்தே ஜான் வெளியேறியது. தெருவுக்கு நாலு ஜான் இருந்தால் கூப்பிடுவது எப்படி? பெற்றோர் வேறு பெயர் தேடினார்கள். தேடிப் பிடித்தவற்றில் ஷான், இயான், எவான் எல்லாம் இருந்தன. பழைய பெயரே சட்டை மாற்றிக்கொண்டு வந்தது.

பெயர் தெரியாத பிணத்துக்கு அமெரிக்கக் காவல்துறையும் மருத்துவமனைகளும் வைக்கிற பெயர் ஜான் டோ. ஒரு தாயின் நன்றி வாக்கியம், அடையாளம் தெரியாதவனுக்கு ஒட்டுகிற சீட்டாகிவிட்டது. எங்கும் பரவிய பெயரின் பொருளை யாரும் கேட்பதில்லை.

போன இடமெல்லாம் ஒலி பிழைத்தது, பொருள் உதிர்ந்தது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் ஒலிகூட அவ்வளவாகத் தேயவில்லை. சுரியானி மொழி வழியாக வந்த யோகன்னான் இன்னும் அங்கே உண்டு. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர் நீளம் தாண்டித் தங்கம் வென்ற டி.சி. யோகன்னானின் பெயரை வானொலியில் கேட்டவர்கள், ஏறக்குறைய எலிசபெத்து சொன்ன ஒலியைத்தான் கேட்டார்கள்.

தமிழ் வேறு காரியம் செய்தது. ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டது. லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜுவான் தெ பிரித்தோ என்ற சேசு சபைக் குரு மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, அருளானந்தர் ஆனார். இரங்கினார் என்ற எபிரேய வினைக்கு 'அருள்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. மறவர் சீமையில் 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அங்கே மண் சிவப்பாக இருப்பது அவர் ரத்தத்தால்தான் என்று மக்கள் நம்பி, இன்றும் அள்ளிப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். திருத்தூதரும் திருமுழுக்கு யோவானும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் அருளப்பர் ஆனார்கள். ஸ்தேவான் என்றால் முடி, ஆகவே முடியப்பர். பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்களுக்குச் சொல்லின் உள்ளே இறங்கத் தெரிந்திருந்தது. சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் யோவான்தான். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கத்தோலிக்கரும் யோவானுக்கு வந்துவிட்டார்கள். எல்லாச் சபையாரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நியாயம் சரிதான். ஆனாலும் அருளப்பர் என்ற பெயர் பழைய கோவில் பலகைகளோடு நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு ஞானஸ்நான விருந்து. பிள்ளைக்கு இவான் என்று பெயர். கொள்ளுப்பாட்டிக்கு மனசு ஆறவில்லை. "அவுக ஐயா பேரு அருளானந்தம். அத விட்டுப்புட்டு என்னமோ வாயில நுழையாத பேரு வச்சிருக்காக" என்று பந்தியிலேயே என்னிடம் சொன்னார். ரெண்டும் ஒரே பெயர்தான் பாட்டி என்றேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். மாமனாரின் ஞானஸ்நானச் சீட்டு. மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. பழைய வழக்கப்படி சாமியார் லத்தீனில் எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்: யோகான்னெஸ். "அப்ப அருளானந்தம்னு இதுல இல்லையா?" இதுதான் பாட்டி அது, இதை ரஷ்யாக்காரன் சொன்னால் இவான்.

அவர் சீட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, பிள்ளையின் தடுப்பூசி அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் சொருகினார்.