கடல் கொண்ட ஊர்கள்: சான்று செய்தியாளர் அலமாரியில்

புது தில்லி: நாட்டின் கடற்கரை எவ்வளவு அரிக்கப்பட்டது என்பதற்கு மத்திய அரசிடம் கணக்கு உள்ளது. அந்தக் கரையில் யார் வாழ்ந்தனர், எங்கே மீன் உலர்த்தினர், எங்கே படகுகளை ஏற்றி வைத்தனர் என்பதற்கான சான்றுகளோ பல இடங்களில் உள்ளூர்ச் செய்தியாளர்களின் குறிப்பேடுகளிலும் புகைப்படங்களிலும்தான் எஞ்சியுள்ளன.

சென்னையில் இயங்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தது. 6,907 கி.மீ. நீளமுள்ள நிலப்பரப்புக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது அதில் தெரியவந்தது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் இதுபற்றிக் கேட்டபோது அமைச்சர்கள் அளித்த பதில்களில் இந்த எண் இடம்பெற்றுள்ளது.

ஏழு சகோதரர்கள்

ஒடிசா மாநிலம் கேந்திரபாரா மாவட்டத்தில் உள்ளது சாதபாயா. ஏழு சகோதரர்கள் என்பது அப்பெயரின் பொருள். ஏழு ஊர்கள் கொண்ட அப்பகுதியின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சிய குடும்பங்களுக்கு பாகபாட்டியாவில் மாநில அரசு மறுகுடியிருப்பு அமைத்தது.

அங்குள்ள பஞ்சுபராகி அம்மன் கோயிலில் மீனவ சமூகப் பெண்களே பூசை செய்வது மரபு. ஆண்கள் சிலைகளைத் தொடக்கூடாது. 2018 ஏப்ரலில் சிலைகளைப் பாகபாட்டியாவுக்கு எடுத்துச் செல்ல, அந்த விதி தளர்த்தப்பட்டது. செய்தியாளர்கள் இதைப் பதிவு செய்தனர். செயற்கைக்கோள் படத்தில் இத்தகைய விவரங்கள் தெரிவதில்லை.

சட்டம் கேட்கும் சான்று

இது பழைய நினைவுகளைப் போற்றும் விஷயம் மட்டுமன்று. மீனவக் கிராமங்கள், மீனவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கூறியது. ஆனால் மணல்வெளியில் பட்டா இன்றித் தலைமுறைகளாக வாழ்பவர்கள், தங்கள் களம் எங்கிருந்தது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது?

அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுகுடியமர்வுக்கு 2021-26 காலத்துக்கு ரூ.1,000 கோடியை 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. நிதி ஒதுக்கினாலும், அதைப் பெற உரியவர் யார் என்ற கேள்வி எழும். நாளும் இடமும் குறித்த ஒரு பழைய புகைப்படம் அப்போது மதிப்புமிக்க ஆவணமாகிறது.

யார் காப்பது?

1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கு உரியது. தனியாரிடம் உள்ள முக்கிய ஆவணங்களை அன்பளிப்பாகவோ விலைக்கோ பெற, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. தலைவர்களின் கடிதங்களைத் தேடிப் பெறும் நிறுவனங்களின் பார்வை, தாலுகா செய்தியாளரின் வீட்டு அலமாரிவரை எட்டுவதில்லை.

கடற்காற்றின் ஈரத்தில் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எழுதியவர் மறைந்தபின் குறிப்பேடுகள் பழைய காகிதத்தோடு எடைக்குப் போகின்றன. ஊர், ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்ற விவரம் எழுதியவர் நினைவில் மட்டும் இருந்தால், படம் தப்பினாலும் சான்று தப்பாது.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. கடலோர மாவட்டந்தோறும் ஒரு ஸ்கேனரும், விவரங்களைக் கேட்டுப் பதிவு செய்ய ஓர் ஊழியரும் போதும். அரிப்புக்கான நிதியில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குமாறு அரசை வலியுறுத்த, கடலோரத் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு நாடாளுமன்றத்தில் வாய்ப்பு உண்டு. எத்தனை கி.மீ. என்ற கேள்வியோடு, எந்த ஊர், யாருடைய களம் என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.