விட்டுச் செல்லும் உரிமையும் தங்கி வாழும் உரிமையும்



புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகளுக்கான உலக நாளைத் திருச்சபை ஆண்டுதோறும் சிறப்பிக்கிறது. அந்நாளில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அவர்கள் விட்டு வந்த ஊரையும், அங்கே தங்கிவிட்ட உறவுகளையும் நினைப்பது குறைவு. இன்று பால்டிக் கடலோரத்தில் உள்ள லித்துவேனியா நாட்டைப் பற்றிச் சிந்திப்போம். அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் கத்தோலிக்கர்.

சிலுவைகளை நட்ட மக்கள்

1940-ல் சோவியத் ஒன்றியம் லித்துவேனியாவைக் கைப்பற்றியது. ஸ்டாலின் காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியா போன்ற தொலைவிடங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஷ்யௌலெய் நகருக்கு அருகே ஒரு குன்றில் மக்கள் நட்டிருந்த சிலுவைகளை 1961-ல் அரசு அழித்தது. மக்களோ அஞ்சாமல் மீண்டும் மீண்டும் நட்டார்கள். 1972 முதல், திருச்சபை பட்ட துன்பங்களை இரகசிய இதழாகத் தட்டச்சு செய்து வெளியுலகுக்கு அனுப்பினார்கள். அதன் ஆசிரியராக இருந்து சிறை சென்ற அருள்தந்தை சிகிதாஸ் தம்கேவிச்சியுஸ், பின்னர் பேராயராகி, 2019-ல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அந்தச் சிலுவைக் குன்றில் 1993 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருப்பலி நிறைவேற்றினார்.

அடக்குமுறை அசைக்க முடியாத இம்மக்கள், விடுதலை பெற்ற பின் பெருந்திரளாக நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1990-களின் தொடக்கத்தில் சுமார் 37 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் சுமார் 28 லட்சமாகக் குறைந்திருந்தது. பிறப்புகள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் பெரும்பங்கு வெளியேற்றத்தையே சாரும்.

ஏன் சென்றார்கள்?

முதலாவது காரணம், பழைய பொருளாதாரத்தின் சரிவு. 1990 மார்ச் 11 அன்று லித்துவேனியா விடுதலையை அறிவித்தது. சோவியத் சந்தைக்காக உற்பத்தி செய்த தொழிற்சாலைகள் சந்தையை இழந்தன. கூட்டுப் பண்ணைகள் கலைக்கப்பட்டன. விலைவாசி ஏற்றம் சேமிப்பைக் கரைத்தது.

இரண்டாவது, திறந்த கதவு. 2004 மே 1 அன்று அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகியவை அன்றே தங்கள் வேலைவாய்ப்பைத் திறந்துவிட்டன. அதே உழைப்புக்கு அங்கே பல மடங்கு கூலி கிடைத்தது. முதலில் சென்றவர்கள் உறவினரையும் அழைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, 2008-ல் வந்த உலகப் பொருளாதார நெருக்கடி. 2009-ல் மட்டும் அந்நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய 15 விழுக்காடு சுருங்கியது. அரசு ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் குறைத்தது. 2010-ல் 80,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறியதாகப் பதிவு செய்தார்கள். முன்பே சென்றிருந்து, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் கட்டாயமானதால் அந்த ஆண்டில் பதிந்தவர்களும் இவர்களில் உண்டு.

வந்ததும் போனதும்

வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது. பல வீடுகளின் வறுமை தீர்ந்தது. இதை நாம் மறுக்கக் கூடாது. ஆனால் பெற்றோர் தொலைவில் இருக்க, பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் வளர்ந்தார்கள். மாணவர் இல்லாமல் பள்ளிகள் மூடப்பட்டன. கிராமங்களில் முதியோரே மிஞ்சினார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற பலர் தாய்நாட்டின் குடியுரிமையை இழந்தார்கள். இதை மாற்ற 2024-ல் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் ஆதரித்தும், தேவையான எண்ணிக்கை கிட்டவில்லை.

தக்க காரணத்துக்காக வேறு நாட்டுக்குச் செல்வது மனித உரிமை என்பதைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் ஜான் 1963-ல் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். சொந்த நாட்டிலேயே தங்கி வாழ்வதும் உரிமையே எனத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நினைவூட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ், செல்வதா தங்குவதா எனத் தெரிவு செய்யும் சுதந்திரத்தையே 2023-ம் ஆண்டின் உலக நாளுக்கு மையக்கருத்தாக்கினார். சைபீரியாவுக்குத் தொடர்வண்டியில் ஏற்றப்பட்டவருக்குத் தெரிவு இல்லை. வேலை இழந்து, குழந்தையைப் பாட்டியிடம் விட்டு விமானம் ஏறிய தாய்க்கு மட்டும் முழுத் தெரிவு இருந்ததா?

அந்நாட்டில் ஊதியம் உயர்ந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. 2019-ல் வெளியேறியவர்களைவிட வந்தவர்கள் மிகுந்தனர். தாயகம் திரும்பிய லித்துவேனியர்களும் அவர்களில் இருந்தனர். பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபு சென்ற நகோமியும், ஊரில் மீண்டும் உணவு உண்டு எனக் கேள்விப்பட்டே திரும்பினார். அவர் போனதற்காக விவிலியம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மக்களைத் தங்க வைப்பது அறிவுரை அல்ல; நீதியான கூலியும் மாண்புள்ள வாழ்வுமே.

குடிபெயர்ந்தோர் பற்றி 2004 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட ஏடு, அவர்களை வரவேற்கும் தலத்திருச்சபைக்கு மட்டுமன்றி, அனுப்பும் தலத்திருச்சபைக்கும் கடமை உண்டு என்கிறது. நம் பங்குகளிலும் வெளிநாட்டில் உழைப்போரின் குடும்பங்கள் உள்ளன. நம் அன்பியக் கூட்டத்துக்கு வர இயலாத அந்தப் பாட்டியை யார் சந்திக்கிறோம்? திரும்பி வந்தவரிடம் எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்குமுன், எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறோமா?

எகிப்துக்கு ஓடிப்போய், மீண்டும் நாசரேத்துக்குத் திரும்பிய திருக்குடும்பம், சென்றவர்களையும் தங்கியவர்களையும் ஒருசேரக் காப்பதாக. ஆமென்.